நாவல்துறைக்கு வந்த ஆறு படகுகள்

1994 ஐப்பசியில் பவானி ஆறு நாவல்துறைக்குள் புகுந்தபோது, அரசாங்கம் அங்கே வந்து சேர நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் பரிசல்காரர் மாசாணம் தன் மூங்கில் பரிசலில் இருபத்தேழு பேரையும் ஒன்பது ஆடுகளையும் கூரையிலிருந்தும் தென்னை மரத்திலிருந்தும் இறக்கிக் கரை சேர்த்திருந்தார். ஐந்தாம் நாள் மீட்புப் பணி முறைப்படி தொடங்கியது. ஆறு பழைய கரைக்கே திரும்பிவிட்டதால் எந்த இடையூறும் இல்லாமல் நடந்தது.

வெள்ளத்திலிருந்து அரசாங்கம் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. படகு இல்லை என்பதே அந்தப் பாடம். வெள்ள நிவாரண நிதியிலிருந்து ஆறு ஃபைபர் படகுகள் வாங்க உத்தரவானது.

டெண்டர் சிங்காநல்லூர் பாலுசாமிக்குக் கிடைத்தது. மொட்டை மாடியில் வைக்கிற தண்ணீர்த் தொட்டிகளைச் செய்து விற்பவர் அவர். படகு செய்த அனுபவம் கிடையாது. மந்திரியின் சகலையாக இருந்த அனுபவம் பதினோரு வருடம் இருந்தது. நாற்பது வருடமாகப் படகு கட்டிவரும் கொச்சிக்காரர் ஒருவரும் மனுப் போட்டிருந்தார். அவருடைய உறையில் அரக்கு முத்திரை ஓரமாக விழுந்திருந்ததால் தள்ளுபடி செய்தார்கள். பாலுசாமியின் உறையில் முத்திரையே இல்லை. ஆகவே அது ஓரமாக விழ வாய்ப்பும் இல்லை.

தை மாதம் படகுகள் லாரியில் வந்து இறங்கின. மந்திரி வந்து வெள்ளோட்டம் விடுவதாக ஏற்பாடு. மாசாணத்துக்கு ஒரு துண்டு போர்த்தி, முதல் படகை அவரையே ஓட்டச் சொல்லலாம் என்று தாலுகா ஆபீஸில் முடிவு செய்திருந்தார்கள். அதைச் சொல்ல வந்தவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வெங்கடபதி.

மாசாணம் படகைச் சுற்றி வந்தார். குனிந்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது தண்ணித் தொட்டியப் பாதியா அறுத்ததுங்களே. குழாய் வைக்கிற ஓட்டையில கார்க்கு அடிச்சு வெச்சிருக்குதுங்க."

"அது டிசைனுங்க," என்றார் வெங்கடபதி. அவருக்கும் கார்க்கு தெரிந்தது. ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருப்பதும் தெரிந்தது.

"அப்பிடீன்னா வேற ஆளு ஓட்டட்டுங்க. நானு பரிசல்ல பொறத்தாலயே வாரேனுங்க."

மந்திரி ஏறினார். பாலுசாமி ஏறினார். இரண்டு போட்டோக்காரர்களும், துடுப்போடு பாலுசாமி பட்டறையிலிருந்து வந்த ஒருவனும் ஏறினார்கள். கரையில் நாதஸ்வரம் வாசித்தார்கள். நடு ஆற்றில் மடுவுக்கு மேலே போகும்போது கார்க்கு கழன்றது. மந்திரி முதலில் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு சகலையைப் பார்த்தார். கரையில் இருந்தவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இதுவும் வெள்ளோட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

பின்னாலேயே வந்த மாசாணம் வேகமாகத் துடுப்புப் போட்டு நெருங்கினார். தண்ணீரில் தத்தளித்தவர்களை ஒவ்வொருவராக அக்குளில் கைகொடுத்துப் பரிசலுக்குள் இழுத்துப் போட்டார். பாலுசாமியை இழுக்கும்போதுதான் மூச்சு வாங்கியது.

சற்று நேரம் நடுங்கிக்கொண்டிருந்த மந்திரி, பரிசலைச் சுற்றிப் பார்த்தார்.

"இது நல்லா இருக்குதே. எந்தத் திட்டத்துல வாங்கினது?"

"என் கையால பின்னினதுங்க," என்றார் மாசாணம். "சித்த நடுவுல உக்காருங்க. சாஞ்சுபோட்டா மறுபடி உழுந்துருவீங்க."

மறுநாள் செய்தித்தாளில், வெள்ள மீட்பு ஒத்திகையில் மந்திரி நேரடியாகப் பங்கேற்றதாக வந்தது. விசாரணைக்கு ஒரு குழு போட்டார்கள். குழு நாவல்துறைக்கு வரவில்லை. மேட்டுப்பாளையம் விருந்தினர் மாளிகையில் இரண்டு நாள் தங்கி ஆழமாக விசாரித்தது. படகுகளில் குறை ஏதும் இல்லை, பரிசல் மிக அருகே வந்ததால் எழுந்த அலையே விபத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்தது. மீதமுள்ள ஐந்து படகுகளையும் நீர்நிலைகளில் இறக்கிச் சேதப்படுத்தாமல் ஒரு கிடங்கில் பத்திரமாக வைக்கச் சொன்னது. வாடகைக்குக் கிடைத்த கிடங்கும் பாலுசாமியுடையதே. கடைசிப் பத்தியில், நாவல்துறையில் பரிசல் ஓட்டத் தடை விதிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது.

அந்த வரியை எடுத்துக்கொண்டு ஒரு புதன்கிழமை மத்தியானம் வெங்கடபதி மறுபடி வந்தார். நோட்டீஸை மாசாணத்திடம் படித்துக் காட்டினார். மாசாணம் துடுப்பை எடுத்துச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். அவர் மனைவி பாவாத்தாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இருவத்தேழு உசுரக் காப்பாத்தினவருங்க. அப்பறம் உங்க மந்திரியையுந்தான். அதுக்கு இதுதானுங்களா?"

"நானென்னங்கம்மணி பண்றது? மேல இருந்து வந்ததுங்க." வெங்கடபதி கைப்பையிலிருந்து இன்னொரு தாளையும் பசை டப்பாவையும் எடுத்தார். "இதை அக்கரை ஆலமரத்துல ஒட்டோணும். ஒட்டின நிமிஷத்துல இருந்து உத்தரவு அமலுக்கு வருதுங்க."

"அக்கரைக்கு எப்பிடிப் போவீங்க?"

வெங்கடபதி ஆற்றைப் பார்த்தார். பிறகு பரிசலைப் பார்த்தார். பாவாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏறுங்க," என்றார் மாசாணம்.

அக்கரையில் இறங்கி வெங்கடபதி தாளில் பசை தடவினார். காற்றில் பறக்காமல் மாசாணமே ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார். ஒட்டி முடிந்ததும் வெங்கடபதி கையைத் துடைத்துக்கொண்டு பரிசலை நோக்கி நடந்தார். அதற்குள் மாசாணம் தனியாக ஏறி, கரையிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார்.

"என்னுங்க, நிறுத்துங்க! நானு வரவேண்டாமா?"

"அமலுக்கு வந்துபோட்டுதுங்களே. இனி ஆளை ஏத்தினா என்மேல கேஸ் ஆயிருமுங்க."

"நான் எப்பிடிங்க ஊடு போறது?"

"மேட்டுப்பாளையம் பாலத்தச் சுத்தித்தானுங்க. பதினெட்டுக் கிலோமீட்டரு. பஸ்ஸு ரெண்டு மணிக்கே போயிருச்சுங்க."

மாசாணம் கேலியாகச் சொல்லவில்லை. வெங்கடபதிக்கு அதுதான் உறைத்தது. வெயிலில் அப்படியே நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு எருமையைத் தவிர அரசு சார்பில் சாட்சி சொல்ல அங்கே எவரும் இல்லை. ஆலமரத்துக்குப் போய், பசை காய்வதற்குள் நோட்டீஸை ஓரம் கிழியாமல் உரித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மாசாணம் பரிசலைக் கரையோரம் கொண்டுவந்து அவரை ஏற்றிக்கொண்டார்.

"ஒட்டியாச்சுன்னு எழுதிப்போடறேனுங்க," என்றார் வெங்கடபதி.

"எழுதிக்கோங்க. சித்த நடுவுல உக்காருங்க."

நாவல்துறையில் அன்று முதல் பரிசல் ஓடவில்லை என்று தாலுகா ஆபீஸ் கோப்பு சொல்கிறது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான்கு பால் கேன்களோடும், டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஏழு பெண் பிள்ளைகளோடும் மாசாணம் பரிசலைத் தள்ளினார்.