தோட்டத்து மண்

ஞானாம்பிகை தொலைபேசியில் சொன்னது ஒரே வசனம்தான். "பிள்ளை, கல்லெல்லாம் கரைஞ்சு போச்சு." அதைக் கேட்டதும் தக்சாயினி எழும்பி ஓடினாள். அலுவலகத்தைப் பூட்டினாளா இல்லையா என்பதுகூட நினைவில்லாமல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஸ்கூட்டியை எடுத்தவள், சண்டிலிப்பாய் வந்து சேரும்வரை கும்பிடாத தெய்வமில்லை.

கல் என்றால் சுட்ட கல்லோ சீமெந்துக் கல்லோ அல்ல. செம்மண்ணில் கொஞ்சம் மணலும் கொஞ்சம் சீமெந்தும் சேர்த்து, இயந்திரத்தில் அழுத்திச் செய்கிற மண்கல். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், வீட்டுக்குள் வெக்கையும் குறைவு. பொறியியல் படித்து முடித்த நாளிலிருந்து தக்சாயினி இதைத்தான் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தாள். கேட்டவர்கள் எல்லோரும் நல்ல விஷயம் என்று தலையாட்டினார்கள். தலையாட்டிவிட்டுத் தங்கள் வீட்டைச் சீமெந்துக் கல்லில் கட்டினார்கள். கடைசியில் துணிந்தவள் அவளோடு படித்த தனுஷிகாதான். தையில் கலியாணம். சீதனமாகத் தகப்பன் கட்டிக் கொடுக்கிற வீடு. "மண்வீட்டிலையோ எங்கடை பெடியனை இருத்தப் போறியள்?" என்று கரவெட்டியில் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தபோதும், "என்ரை சிநேகிதி கட்டுறாள், நான் இருப்பன்" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். அந்த நம்பிக்கைதான் இப்போது கரைந்துகொண்டிருந்தது.

வளவுக்குள் நுழைந்த தக்சாயினி அப்படியே நின்றுவிட்டாள். மத்தியானம் அடித்த மழைக்கு, வேலியோரம் அடுக்கியிருந்த கற்கள் கூழாகிக் கிடந்தன. மூடியிருந்த தறப்பாளைக் காற்று கொண்டுபோய்விட்டது. அதற்கப்பால், யன்னல் மட்டம்வரை எழும்பிய வீட்டுச் சுவர்கள் தறப்பாள் போர்த்தபடி நின்றன. அவை இன்னும் நனையவில்லை.

மழைக்குக் கரைகிற கல்லை அவள் செய்யவில்லையே! மண்ணைச் சோதித்தவள், மாதிரிக்கு ஒரு கல்லை வாளித் தண்ணீருக்குள் போட்டு வைத்துப் பார்த்தவள். பிறகு எப்படி? குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பிய்த்தாள். மெல்லிய வேர்களும் உக்கிய இலைத் துண்டுகளும் கையோடு வந்தன.

"அன்ரி, இது எந்த மண்? கிணத்தடியிலை ஆழத்து மண்ணையெல்லோ எடுக்கச் சொன்னனான்?"

தனுஷிகாவின் தாய் ஞானாம்பிகை தயங்கினாள். "நீ கொழும்புக்குப் போயிருக்கேக்கை, அவர் புகையிலைத் தோட்டத்திலை வெட்டுவிச்சவர். எனக்கு வேறை ஒண்டும் தெரியாது பிள்ளை."

விஷயம் விளங்கிவிட்டது. ஞானாம்பிகையின் கணவர் சோமசேகரத்துக்குத் தோட்டத்து மேல்மண் என்றால் உயிர். தகப்பன் காலத்திலிருந்து எருவும் குழையும் தாட்டுப் பதப்படுத்திய மண். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு பிடி அள்ளி மணந்து பார்க்கக் கொடுப்பார். நல்லது செய்கிறேன் என்று அந்த மண்ணையே வெட்டிக் கொடுத்திருக்கிறது மனுஷன்! புகையிலை தளதளவென்று வளர்கிற மண்ணில் கல் இறுகாது. உக்கின இலையும் எருவும் சீமெந்தைப் பிடிக்க விடாது. தன் மண்ணில் இவ்வளவு பெருமை இல்லாதவனுக்கு இந்தப் பிழை விடவே தெரியாது.

"சுவரிலையும் இந்தக் கல்லை வைச்சவையோ?"

"தெரியேல்லையே. வெளியாலை பாக்க ரெண்டும் ஒரே மாதிரித்தான். அவர் ஃபோனையும் விட்டிட்டுக் கோயிலடிக்குப் போட்டார். மேசனும் எடுக்கிறானில்லை."

காத்திருக்க அவளால் முடியவில்லை. "தோட்டத்துக்கு இறைக்கிற மெசினைப் போடுங்கோ அன்ரி. ஹோஸைத் தாங்கோ."

"ஐயோ, சுவர் விழுந்தால்?"

"விழுறதெண்டால் இப்ப விழட்டும். அவள் குடிபூந்தாப் பிறகு விழக்கூடாது."

சுவரில் கிடந்த தறப்பாளை இழுத்துப் போட்டாள். தண்ணீர் சீறிக்கொண்டு சுவரில் அடித்தது. முதலில் செம்மண் நிறத்தில் வழிந்தது. ஞானாம்பிகை கண்ணை மூடிக்கொண்டாள். தக்சாயினி ஹோஸை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் தூசி கழுவுப்பட்டு, வழிந்த தண்ணீர் தெளிந்தது. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மூலை விடாமல் அடித்தாள். நகத்தால் சுரண்டினாள், ஆணியால் கீறினாள். சுவர் அசையவில்லை. போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. ஈரத்தையும் பாராமல் நிலத்தில் குந்தியிருந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு பாட்டம் தீர்த்தாள்.

சோமசேகரம் சைக்கிளில் வந்து இறங்கியது அப்போதுதான். நனைந்த சுவரை அவர் பார்க்கவேயில்லை. நேரே வேலியோரத்துக் கூழுக்குத்தான் ஓடினார்.

"ஐயோ, சாமி அறைக்கெண்டு வைச்ச கல்லெல்லோ!"

"என்ன?" என்று எழும்பினாள் தக்சாயினி.

"ஓம் பிள்ளை. மனிசர் இருக்கிற அறையளுக்கு அடிமண் காணும். சாமிக்கு அதைக் குடுக்கலாமோ? அதுதான் தோட்டத்து மண்ணிலை தனியாச் செய்விச்சனான். சாமி அறை கட்டும் மட்டும் ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு மேசனுக்கும் சொல்லிப்போட்டன்."

சிறந்ததைச் சாமிக்கென்று எடுத்து வைத்த மனுஷன் மகளின் வீட்டைக் காப்பாற்றிவிட்டார். அவருக்கு மட்டும் அது தெரியவில்லை. தக்சாயினி எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"அப்ப சாமிக்கும் அடிமண்தானோ?"

ஞானாம்பிகைக்கு இப்போதுதான் வாய் திறந்தது. "உங்கடை நல்ல மண்ணிலை புகையிலையை நடுங்கோ. சாமி நனையாமல் இருக்கட்டும்."

சோமசேகரம் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். கையை மடக்கித் தட்டினார். தோளால் ஒருதரம் முட்டியும் பார்த்தார். பிறகு தாங்கள் இருக்கிற வீட்டுக்குள் போய்த் தன் கைத்தொலைபேசியை எடுத்து வந்தார்.

"பிள்ளை, ஹோஸைக் கழட்டிப் போடாதை. கரவெட்டியாரை வரச் சொல்லப்போறன். அவையள் தங்கடை கையாலையே அடிச்சுப் பாக்கட்டும்."