எட்டாவது மைலில் நின்ற வேன்

எழுபத்து நாலாம் வருஷம் அந்தோணியார் திருநாளுக்கு முந்தைய வாரம், மரக்காணம் கஸ்பார் தன் பழைய பெட்ரோல் வேனுக்குத் தன் கையாலேயே நீல பெயின்ட் அடித்தான். மூன்று நாள் வேலை. வேனுக்குக் கீழே பாய் விரித்து மல்லாந்து படுத்து, யார் கண்ணிலும் படாத இடத்துக்கெல்லாம் இரண்டு பூச்சு கொடுத்தான். நட்டு, கொண்டி, மூடி, கைப்பிடி என்று ஒன்றையும் விடவில்லை. தேய்ந்துபோன ரப்பர் வாஷர்களை எல்லாம் பாண்டிச்சேரியிலிருந்து புதிதாக வாங்கிவந்து மாட்டினான். திருநாளன்று கோயில் வாசலில் வேனைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, சாமியாரே சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்குதே கஸ்பார்" என்றார்.

மாப்பிள்ளையின் பவிசு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

கஸ்பார் பத்து வருஷம் உப்பு லாரி ஓட்டியவன். ஏலத்தில் எடுத்த இந்த வேன்தான் அவன் சொந்தமென்று சொல்லிக்கொண்ட முதல் வண்டி. தினமும் காலையில் எக்கியார்குப்பத்துக்குப் போய், கட்டுமரங்கள் கரையேறியதும் ஆறு மீன்காரப் பெண்களைக் கூடைகளோடு ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். பஸ்காரர்கள் மீன்கூடையைப் பார்த்தாலே நிறுத்தாமல் போய்விடுவார்கள். அதனால் கஸ்பாரை விட்டால் அவர்களுக்கு வேறு வழி இல்லை. அவர்களை விட்டால் கஸ்பாருக்கும் வேறு சவாரி இல்லை.

முதலில் வந்த வியாதி காலை நேரத்து வியாதி. குப்பத்திலிருந்து கிளம்பும்போதே வண்டி நொண்டியது. டுக்குடுக்கு என்று ஓட வேண்டிய இன்ஜின், டுக்கு... டுக்குடுக்கு... டுக்கு என்று விட்டுவிட்டு அடித்தது. மேட்டில் ஏறும்போது உள்ளே இருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

"ஏம்பா கஸ்பாரு, வண்டிக்கு விக்கல் வந்துட்டுதா?" என்று பின்சீட்டிலிருந்து கேட்டாள் தனகோடி. ஆறு பேரில் மூத்தவள் அவள். ஐம்பதைத் தாண்டியவள். கூடையைத் தூக்கித் தலையில் வைக்க யாரையும் கூப்பிடாதவள்.

"மிஸ்ஸிங் அடிக்குதுக்கா. நாளைக்கி விடிஞ்சதும் அப்பாவுகிட்ட காட்டிட்றேன்."

அப்பாவு மரக்காணம் மெக்கானிக். கஸ்பாரின் வயதுதான், இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர்கள். மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்னால், கஸ்பார் வேனை நொண்ட விட்டுக்கொண்டே அவனுடைய கொட்டகைக்குக் கொண்டுபோனான். அப்பாவு இன்ஜினை ஓடவிட்டு, மரப்பிடி போட்ட ஸ்குரு டிரைவரால் முதல் பிளக்கின் தலையையும் பக்கத்து இரும்பையும் சேர்த்துத் தொட்டான். இன்ஜின் சத்தம் சட்டென்று தொய்ந்தது. எடுத்தான், நிமிர்ந்தது. இரண்டாவது பிளக்கிலும் அப்படியே. மூன்றாவதைத் தொட்டபோது ஒரு மாற்றமும் இல்லை.

"பாத்தியா? நாலு பேர்ல இந்த மூணாவது ஆளு வேலைக்கே வரல."

"பிளக் போயிட்டுதா?"

"அவசரப்படாத." அப்பாவு இரண்டாவது பிளக்கையும் மூன்றாவதையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினான். அப்போதும் மூன்றாவதுதான் வேலை செய்யவில்லை. "பிளக் மேல தப்பு இல்ல. ஒயர் மேலதான்."

ஒயரையும் அது புறப்படும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழற்றிக் கொடுத்தான். கஸ்பார் விரலால் தடவிப் பார்த்தான். பிசுபிசுவென்று வெள்ளையாய் ஒட்டியது. நாக்கில் வைத்தான். உப்பு.

"உப்பளத்துக் காத்துல ராத்திரி பூரா நிக்குது வண்டி. உப்பு படியுது, ஈரம் ஏறுது. நெருப்பு பிளக் வரைக்கும் போகாம நடுவழியிலேயே இறங்கிப் போயிடுது. வெயில் வந்து காஞ்சப்புறம் சரியாயிடும். அதான் காலைல மட்டும் விக்கல்."

வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினார்கள். இன்ஜின் நான்கு காலிலும் ஓடியது. அன்று சற்றுத் தாமதமாகக் குப்பத்துக்குப் போன கஸ்பார், தானே கண்டுபிடித்ததைப் போல அந்த உப்புக் கதையைச் சொன்னான். பெண்களும் நம்பினார்கள். அந்தச் சந்தோஷம் எட்டு மைல் தூரம் நீடித்தது.

எட்டாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு புளியமரத்தடியில், வேன் இரண்டு முறை இழுத்து, இருமி, நின்றது.

இது விக்கல் இல்லை. இது மயக்கம். கஸ்பார் பானெட்டைத் திறந்தான். இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுத்துக் கொடுக்கும் பம்பின் மேலே ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. எப்போதும் பெட்ரோல் நிறைந்திருக்கும். அது காலியாக இருந்தது. பெட்ரோல் முள் என்றைக்கோ செத்துப்போனதால், டேங்க் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தான். முக்கால் டேங்க் இருந்தது. பம்பின் அடியிலிருந்த சின்ன நெம்புகோலைக் கையால் அடித்தான். வெயிலில் பம்பு கொதித்துப் போயிருக்கும் என்று தோன்றவே, ஒரு கூடையிலிருந்து ஈரச் சாக்கை உருவி அதன்மேல் போட்டான். தனகோடி பின்சீட்டிலேயே இருந்தாள்; மற்ற ஐந்து பேரும் இறங்கித் தள்ளினார்கள். வண்டி கிளம்பிவிட்டது.

மறுநாளும் அதே புளியமரம். அதற்கு மறுநாளும் அதே.

"அந்த எடத்துல ஏதோ இருக்குதுண்ணே" என்றாள் லட்சுமியம்மாள். ஆறு பேரில் இளையவள் அவள். "ஒரு எலுமிச்சம்பழம் வெச்சுட்டுப் போலாம்."

வைத்தார்கள். அன்றும் வேன் நின்றது. குச்சி விட்டுப் பார்த்து, சாக்குப் போட்டு, பம்பு அடித்து, தள்ளிய பிறகு போயிற்று. லட்சுமியம்மாள் எலுமிச்சம்பழத்தால் என்றாள். கஸ்பார் சாக்கால் என்றான். தள்ளியவர்கள் தள்ளியதால் என்றார்கள்.

அப்பாவு பம்பைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை மாற்றினான். பெட்ரோல் குழாயை வாயால் ஊதினான். கார்புரேட்டரைப் பிரித்துப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தான். கடைசியில், டேங்கில் நாலு லிட்டர் ஊற்றி, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இன்ஜினைச் சுழற்றும் முன்பக்கத்துக் கைப்பிடியைக் கஸ்பாரைச் சுற்றச் சொன்னான். பெட்ரோல் பீச்சிப் பீச்சி அடித்தது. குழாயைத் திரும்ப மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டும் வண்டி நிற்கவில்லை.

"இவ்ளோ பிரஷர் புது வண்டியில கூட வராதுடா. பம்பு மேல குத்தம் சொல்லாத."

"அப்ப ஏன்டா நிக்குது?"

"இங்க நிக்கலியே. ஒரு மணி நேரமா ஓடுது, பாரு."

உண்மைதான். அப்பாவுவின் கொட்டகையில் அது சாதுப் பசுவாக நின்றுகொண்டு ஓடும். ரோட்டில் ஏறினால்தான் அதற்குப் பேய் பிடிக்கும். கஸ்பாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தின்னும் சோற்றை நிறுத்திவிட்டு, மனைவி லூர்துமேரி ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போதே, "பம்பும் நல்லா இருக்குது, குழாயும் நல்லா இருக்குது" என்று முணுமுணுப்பான்.

"நானும் நல்லாதான் இருக்கேன். என்னைக் கேக்க ஆளில்ல" என்பாள் அவள்.

மீன் மட்டும் பொறுக்கவில்லை. ஒரு நாள் அரை மணி நேரம், மறுநாள் முக்கால் மணி நேரம் என்று தாமதமாகி, திண்டிவனத்தில் வாடிக்கைக்காரர்கள் வேறு கூடைகளைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். பத்தாவது நாள், தள்ளுகிற ஐந்து பேரில் ஒருத்தியான தையல்நாயகி வேனைத் தள்ளி முடித்து, இடுப்பில் கைவைத்து நின்று சொல்லிவிட்டாள். "அண்ணே, நாங்க மீன் விக்கறவங்க, வண்டி தள்றவங்க இல்ல. இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணு. இல்லாங்காட்டி மாட்டு வண்டி பேசிக்கறோம்."

மாட்டு வண்டி! அந்தச் சொல் கஸ்பாரின் நெஞ்சில் தைத்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை கடல் அள்ளிக் கொடுத்தது. இறால் கூடை கூடையாக வந்திருந்தது. திண்டிவனத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் ஒன்பது மணிக்குள் வந்தால் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார். கஸ்பார் வழி முழுக்க அந்தோணியாரை வேண்டிக்கொண்டே ஓட்டினான். புளியமரம் வந்தது. வேன் இழுத்து, இருமி, நின்றது.

கஸ்பார் இறங்கி, குச்சியை எடுக்க வேனின் பின்பக்கம் வந்தான். குச்சியைத் தனகோடி கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"குடுக்கா, மணி ஆவுது."

"தர மாட்டேன்."

"ஏன்க்கா விளையாடற?"

"நீ தெனமும் என்ன பண்றே? குச்சி உட்றே, சாக்கு போட்றே, பம்பு அடிக்கறே, எங்களத் தள்ளச் சொல்றே. நாலையும் ஒண்ணா செய்யறே. எதுல சரியாச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்ல நாலு பேரு சோறு வடிச்சா, உப்பு போட்டது யாருன்னு தெரியுமா? இன்னிக்கி ஒண்ணொண்ணா செய். மொதல்ல சாக்கு."

கஸ்பாருக்குக் கோபம் வந்தது. ஆனால் மாட்டு வண்டியும் ஞாபகத்துக்கு வந்தது. சாக்கை நனைத்துப் பம்பின்மேல் போட்டான். கொஞ்ச நேரம் பொறுத்து ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் கரகரவென்று சுற்றியது, பிடிக்கவில்லை.

"சாக்கு இல்ல. இப்ப பம்பு அடி."

நெம்புகோலை நாற்பது தடவை அடித்தான். கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு ஏறவில்லை. அன்றைக்குத்தான் அதை நின்று கவனித்தான். கொட்டகையில் பீச்சியடித்த பம்பு, இங்கே காலி டம்ளரை உறிஞ்சுவதைப் போல வெறுமனே துடித்தது.

"தள்ளிப் பாக்கலாமா?" என்று லட்சுமியம்மாள் கேட்டாள்.

தள்ளினார்கள். நூறு கெஜம் தள்ளியும் வேன் மூச்சுவிடவில்லை.

"இப்ப வா" என்று பின்பக்கம் கூப்பிட்டாள் தனகோடி. "நான் குந்தற எடத்துக்கு நேர் கீழதான் அந்த மூடி இருக்குது. நீ அதத் தொறக்கறப்ப தெனமும் ஒரு சத்தம் கேக்குது. உனக்குக் கேக்காது, நீ கத்திக்கினே வருவே. காதக் குடுத்துத் தொற."

கஸ்பார் குனிந்து, காதை அருகில் வைத்து, மூடியை மெதுவாகத் திருகினான்.

'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு மூச்சு. வெளியே வந்த மூச்சு இல்லை; உள்ளே போன மூச்சு. டேங்க் காற்றை விழுங்கியது. கஸ்பார் முன்பக்கம் ஓடினான். நெம்புகோலை ஐந்தே தடவை அடித்தான். கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் மளமளவென்று ஏறித் தளும்பியது. சாவியைத் திருப்பினான். ஒரே பிடி.

பெண்கள் போட்ட கூச்சலில் புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

"எண்ணெ டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெ வருமா?" என்றாள் தனகோடி. "ரெண்டு சொட்டு வரும், அப்புறம் நின்னுடும். காத்து போக இன்னொரு ஓட்டை போட்டாதானே ஊத்தும்? உன் டேங்குக்கு அந்த ரெண்டாவது ஓட்டை எங்க?"

கஸ்பார் மூடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளம் நிறைய நீல பெயின்ட். இரண்டு பூச்சு. அதற்குக் கீழே, காற்றுப் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் புத்தம் புது வாஷர். பழைய வாஷராவது ஓரத்தில் கொஞ்சம் காற்று விட்டிருக்கும். அவன் பார்த்துப் பார்த்துச் செய்த அலங்காரம்தான் வண்டியின் மூக்கைப் பொத்தியிருந்தது.

"யாருப்பா இதுக்குப் பெயின்ட் அடிச்சது?" என்று தையல்நாயகி கேட்டாள். எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கேட்டாள்.

தனகோடி ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள். கஸ்பார் அதை வாங்கிப் பள்ளத்தைக் குத்திச் சுரண்டினான். பெயின்ட் பொருக்குப் பொருக்காக வந்தது. மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது, துளை வழியாக வானம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அவமானத்தை மறைக்கச் சிரித்தான். பிறகு உண்மையாகவே சிரித்தான். ஆறு பெண்களும் இறால் கூடைகளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திண்டிவனம் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாண வீட்டுக்காரர் எல்லா இறாலையும் எடுத்துக்கொண்டார். கஸ்பார் ஏழு பேருக்கும் பூரி வாங்கிக் கொடுத்தான். சாப்பிடும்போது, "அக்கா, இந்த மூடி விஷயம் நம்மளோட இருக்கட்டும்" என்று தனகோடியிடம் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டான்.

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றாள் அவள். சொன்னபடியே அவள் யாரிடமும் சொல்லவில்லை. மற்ற ஐந்து பேர் சொன்னார்கள். சாயங்காலம் கஸ்பார் கொட்டகைக்குப் போனபோது அப்பாவுவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் அவனும் முழுசாகச் சிரிக்க முடியாத நிலையில் இருந்தான்.

"நாலு லிட்டர் ஊத்தறப்ப மூடியத் தொறந்தது நான்தான்டா" என்றான் தலையைச் சொறிந்துகொண்டு. "தொறந்து வெச்சுட்டுப் பிரஷர் பாத்தா, நல்லாதானே வரும்? நீ பெயின்ட் அடிச்ச, நான் பாக்காம உட்டுட்டேன். நாம ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது."

மறுநாள் காலை கஸ்பார் குப்பத்துக்குப் போய் முன்கதவைத் திறந்துவைத்து, "தனகோடிக்கா, இனிமே நீ முன்னால குந்து" என்றான்.

தையல்நாயகி கூடையைக் கீழே வைத்தாள். "அது எப்படி? பத்து நாளா தள்ளுனது நாங்க. அக்கா குந்திக்கினே வந்துச்சு. முன்சீட்டு அதுக்கா?"

"எலுமிச்சம்பழம் வாங்கினு வந்தது நானு" என்றாள் லட்சுமியம்மாள்.

"ஊக்கு என்னோடது" என்றாள் தனகோடி அமைதியாக, ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு.

ஆறு பேரும் பேசித் தீர்க்கும்வரை கஸ்பார் ஸ்டியரிங்மேல் முழங்கையை ஊன்றிக் காத்திருந்தான். இன்ஜின் நான்கு காலிலும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கிண்ணம் நிறைந்திருந்தது. அன்றும் வேன் பத்து நிமிடம் தாமதமாகத்தான் கிளம்பியது.