வராந்தா விதி

நகராட்சியில் புதுச் சட்டம் ஏதாவது முளைத்தால் முதலில் ஆதரவுக் கடிதம் போவது அந்தத் தெருச் சங்கத்திலிருந்துதான். அதற்காகவே தெருமுனையில் 'முன்மாதிரித் தெரு' என்று ஒரு பலகையை நட்டு வைத்திருந்தார்கள். பலகை நட்ட பிறகு அங்கே வண்டி திருப்ப இடமில்லாமல் போனது வேறு கதை.

நகராட்சி ஓர் ஏற்பாடு செய்திருந்தது. சில்லறைச் சட்டங்களைத் தெருத்தெருவாக அனுப்பும். எந்தத் தெருச் சங்கம் ஆதரித்துத் தீர்மானம் போடுகிறதோ, அந்தத் தெருவில் மட்டும் சட்டம் அமலுக்கு வரும். மற்ற தெருக்காரர்கள் காகிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். இந்தத் தெருக்காரர்களுக்கு அது முடியாது. காரணம், இவர்களிடம் சட்டம் சார் இருந்தார்.

சட்டம் சார் கோர்ட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை, முழுநேரத் தலைவர் பதவி. ஒரு தடவை தண்ணீர்த் தொட்டி விவகாரத்தில் சுவர் ஒழுகின வீட்டுக்காரர் இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினார். அன்றைக்குத்தான் சட்டம் சார் ஒரு விதியைக் கொண்டுவந்தார். ஒரு தீர்மானத்தால் நன்மையோ தீமையோ அடையக்கூடியவர், அது ஓட்டுக்கு வரும்போது ஹாலில் இருக்கக் கூடாது. வெளியே வராந்தாவில் போட்டிருக்கும் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். பாரபட்சம் ஒழிந்தது என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

நாய்ச் சட்டம் வந்தது. தெருவிலேயே நாய் வைத்திருந்தவர் பல் டாக்டர் ஒருவர்தான். அவர் வராந்தாவுக்குப் போனார். நாயில்லாத பதினேழு வீட்டுக்காரர்களும் ஒருமனதாக ஆதரித்தார்கள். காலையில் ஒன்பது மணி வரை நாய் வெளியே தலைகாட்டக் கூடாது. அடுத்தது, மாடியில் தெருப்பக்கம் துணி காயப்போடத் தடை. இரட்டைக் குழந்தைகளின் அம்மா வெளியே போக, ஒருமனதாக ஆதரவு. அதற்கு அடுத்தது, சாயங்காலம் ஆறுக்கு மேல் வாத்தியம் வாசிக்கத் தடை. வயலின் வாத்தியார் வெளியே போனார். வராந்தாவிலிருந்து முகம் தொங்கித் திரும்பி வருகிறவரின் கைதான் அடுத்த தீர்மானத்துக்கு முதலில் உயர்ந்தது. தான் பட்டதை இன்னொருவரும் படட்டுமே என்ற நல்ல எண்ணம்தான்.

இத்தனையையும் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியவள் கீழ்வீட்டுத் தையல்காரம்மா. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. 'ஒருமனதாக' என்ற சொல்லை ஒவ்வொரு தடவையும் அழகாகச் சுழித்து எழுதினாள். அவளும் கை தூக்கியவள்தான். அவளிடம் நாயும் இல்லை, வயலினும் இல்லை.

அந்த மாதம் வந்த காகிதத்தைச் சபையில் படித்ததும் அவள்தான். "குடியிருப்பு வீடுகளில் கூலிக்கோ வியாபாரத்துக்கோ எந்தத் தொழிலும் நடத்தக் கூடாது."

அவள் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின். ஒன்றில் அவள். இன்னொன்றில், முதுகெலும்பு போய் பஸ் ஓட்டுவதை விட்டுவிட்ட அவள் புருஷன், காஜா எடுப்பதும் ஹூக் வைப்பதுமாக உட்கார்ந்திருப்பார். மெயின் ரோட்டில் கடை பிடிக்க அவர்களுக்கு வழியில்லை. பிடித்தாலும் அந்த மனுஷனால் அவ்வளவு தூரம் நடந்துபோய் உட்கார முடியாது. இந்தச் சட்டம் வந்தால் மெஷின் போகும், மெஷினோடு சோறும் போகும்.

"ஏம்மா, வராந்தாவுக்குப் போயிடு. மினிட்ஸ நான் பாத்துக்கறேன்," என்றார் சட்டம் சார். குரலில் கோபமில்லை, பகையில்லை. நாய்க்காரரையும் இதே குரலில்தான் அனுப்பினார்.

அவள் எழுந்தாள். மினிட்ஸ் புத்தகத்தைக் கொடுக்கப் போனவள், என்ன தோன்றியதோ, பக்கத்தைத் திருப்பி அவள் கையெழுத்திலேயே இருந்த விதியைப் படித்தாள்.

"நன்மையோ தீமையோ அடையக்கூடியவர்னு இருக்கு சார். தீமை எனக்கு, சரி. எனக்கு மட்டும்தானா?"

"அப்படின்னா?"

"என்கிட்ட தைக்கக் குடுத்தவங்களுக்கும் இதுல சம்பந்தம் இருக்குல்ல?"

சட்டம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நியாயமான கேள்வி வந்துவிட்டால் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், அது யார் தலையில் விழுந்தாலும் சரி.

"கேள்வி சரிதான். விதின்னா விதி. யார் யார்னு சொல்லும்மா."

அவள் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள். "டாக்டர் சார், வெள்ளை கோட்டுக்குக் கை வைக்கணும்."

பல் டாக்டர் துள்ளி எழுந்தார். "நான் போறேன். எனக்குப் பழக்கம்தான். ஆனா மத்தவங்களையும் விடாதீங்க!"

"ரெட்டைப் புள்ளைங்க யூனிஃபார்ம், நாலு செட். வயலின் வாத்தியார் வீட்டு ஜன்னல் திரை. மேல்வீட்டு அண்ணி, நாலு ரவிக்கை, போன மாசமே தந்திருக்கணும், என் தப்புதான்."

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வராந்தா பெஞ்சில் நான்கு பேர்தான் உட்காரலாம். மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். சட்டம் சாரின் மனைவியும் போனாள். போகும்போது தையல்காரம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் ஹாலில் மிஞ்சியது சட்டம் சார் ஒருவர்தான்.

"நான் ரெடிமேட். இடுப்பு எப்பவும் முப்பத்தி நாலு. பத்து வருஷமா ஒரு இஞ்ச் ஏறல, எறங்கல," என்றார். "சட்டதிட்டத்துல இத்தனை பேர் இருக்கணும்னு கணக்கு ஒண்ணும் இல்ல. ஒருத்தர் இருந்தாலும் சபைதான்."

தையல்காரம்மாவின் விரல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நின்றது. அந்தப் பக்கத்தின் தலையில் பெயர் இல்லை. அளவு மட்டும் இருந்தது. ஒவ்வொரு தடவை சட்டம் சார் புதுப் பேன்ட் வாங்கும்போதும், துவைத்துத் தருகிறேன் என்று வாங்கி, காய்கறிப் பைக்குள் வைத்து அவர் மனைவி கொண்டுவருவாள். இடுப்பைப் பிரித்து, உள்பக்கம் ஒட்டுக் கொடுத்து, முப்பத்தி நாலு என்ற லேபிளை மட்டும் அப்படியே வைத்துத் தைக்க வேண்டும். "அவருக்குத் தெரியவே கூடாது, சத்தியம் பண்ணு," என்று முதல் தடவையே கேட்டிருந்தாள். இவளும் சத்தியம் பண்ணியிருந்தாள்.

இப்போது ஒரு வாக்கியம் போதும். மெஷின் பிழைக்கும். அவளுக்கு அழுகை வந்தது. நோட்டை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு வராந்தாவுக்கு நடந்தாள்.

உள்ளே சட்டம் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் தீர்மானத்தை முழுதாக வாசித்தார். "ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்," என்று அறிவித்தார். பிறகு வேறு யாரும் இல்லாததால் தானே கையைத் தூக்கினார்.

"கையை எறக்குங்க," என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

"நடுவுல பேசாத. ஓட்டு நடக்குது."

"நீங்களும் வெளிய வரணும்." அவர் மனைவி உள்ளே வந்துவிட்டாள். "உங்க பேன்ட் ரெடிமேட் எல்லாம் கடையோட சரி. அப்புறம் அது நேரா இந்தப் பொண்ணு வீட்டுக்குத்தான் போவுது. பத்து வருஷமா."

"எதுக்கு?"

"எதுக்கா? நீங்க திங்கறதுக்கு!"

வராந்தாவில் டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். சட்டம் சார் தையல்காரம்மாவைத் தேடினார். "ஏம்மா, நெஜமா?"

"ஒருத்தர் அளவை இன்னொருத்தர் முன்னால சொல்றதில்ல சார்," என்றாள் அவள்.

அவர் தூக்கிய கை மெதுவாக இறங்கி, முதுகுப் பக்கம் போய், பேன்ட்டின் உள்தையலைத் தடவிப் பார்த்தது. ஒட்டுத்துணி விரலில் நிரடியிருக்க வேண்டும். முப்பது வருஷம் சாட்சிகளைப் பார்த்தவர், இந்தச் சாட்சியை மறுக்க வழி தெரியாமல் நின்றார். பிறகு வெளியே வந்தார். பெஞ்சில் அவருக்கு இடம் விட்டார்கள்.

ஹாலில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா வராந்தாச் சுவரில் மினிட்ஸ் புத்தகத்தை வைத்து எழுதினாள். ஆதரவு: யாருமில்லை. எதிர்ப்பு: யாருமில்லை. இதில் சம்பந்தம் இல்லாதவர்: யாருமில்லை. சட்டம் சார் கையெழுத்துப் போட்டார். சங்கம் ஆதரிக்காததால் சட்டம் இந்தத் தெருவுக்குள் வராது.

"அப்படின்னா நாய் விஷயத்தையும் மறுபடி எடுக்கலாமே?" என்றார் டாக்டர்.

"எடுக்கலாம். நீங்க வெளிய போகணும்," என்றார் சட்டம் சார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை சட்டம் சார் காய்கறிப் பையோடு அவள் வீட்டு முன்னறைக்கு வந்தார். பையில் புதுப் பேன்ட் இருந்தது. புருஷன் காஜா ஊசியை நிறுத்திவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். சட்டம் சார் உட்காரவில்லை.

"நேரா அளவெடுத்தே தச்சிடு," என்றார்.

"ரெண்டு கையையும் தூக்குங்க சார்."

தூக்கினார். டேப் இடுப்பைச் சுற்றி வந்து முப்பத்தி ஒன்பதில் நின்றது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"சொல்லாத. எழுதிக்கோ."