பலாத்தடி அறுத்த அன்று

கிரேஸ் டீச்சர் வீட்டுக் கொல்லையில் விழுந்த பலாமரத்தைச் சந்து வழியாக வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் தடி அறுவை மில்லுக்குப் போகாமல், சுடலையாண்டியின் மெஷின் ரம்பம் பாளையங்கோட்டைக்கு வந்தது. கூடவே அவன் மனைவி உலகம்மாளும் வந்தாள். தொண்ணூற்றாறு ஐப்பசி. பலகை எடுத்து ஒரு சாப்பாட்டு மேசை செய்யவேண்டும் என்று டீச்சருக்கு ஆசை.

தடியைக் கட்டைகள்மேல் ஏற்றி, அதன் முதுகில் ஒரு நேர்ப்பலகையை அறைந்து, சுடலையாண்டி ரசமட்டம் பார்த்தான். அந்தப் பலகையை ஒட்டித்தான் ரம்பம் போகும். முதல் வெட்டு கோணினால் பின்னால் வருவதெல்லாம் கோணும். ரம்பம் நகர நகர, வெட்டின் வாயில் மர ஆப்புகளைச் செருகுவது உலகம்மாள் வேலை. இல்லையென்றால் மேல்பலகையின் பாரம் இறங்கி வாளைக் கவ்விக்கொள்ளும்.

வேலையில் இருவருக்கும் பேச்சு தேவைப்பட்டதில்லை. வீட்டில்தான் அவளுக்குக் குறை. ஏழெட்டு மாதமாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டால் பதில் இல்லை. அலுப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் பன்னிரண்டு வருடம் ஒரே முகத்தைப் பார்த்துச் சலித்துவிட்டது போல என்று பிறகு நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது பலகை பாதி போயிருக்கும். இரைச்சலுக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம். இரும்பு. ரம்பத்தின் பல்சங்கிலி அதில் பட்டு அறுந்தால் ஆள்மேல்தான் வரும். இந்தச் சத்தத்துக்கு அவனே சட்டென்று கையை எடுத்துவிடுவான். இன்று குனிந்தபடி தள்ளிக்கொண்டே இருந்தான். அவள் கத்திப் பார்த்தாள். பிறகு ஓடி அவன் எதிரே போய் இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

உளியால் தோண்டியபோது நீளமான ஆணி வந்தது.

"எம்மவன் எபி பொறந்த வருசம் கிறிஸ்மஸ் ஸ்டார் தொங்கவிட எங்க வீட்டுக்காரவுக அடிச்சது. மரம் முழுங்கிட்டுதே" என்று டீச்சர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

சுடலையாண்டி மழுங்கிய பற்களுக்கு அரம் போட உட்கார்ந்தான். உலகம்மாள் அவன் இடப்பக்கம் நின்று, "ஏங்க" என்றாள். அவன் அசையவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தன நாளாக் கேக்கல?"

அரம் நின்றது. "எடது காது மாசியிலயே போயிட்டு. வலதுல கொஞ்சம் கேக்கு. தூளு மாவாட்டம் விழுந்தா பல்லு மழுங்கிட்டுன்னு கண்ணால பாத்துக்கிடுதேன்."

"எங்கிட்டச் சொல்லப்படாதா?"

"தெரிஞ்சா எவன் வேல குடுப்பான்?"

"நான் வேல குடுக்கவளா?" அவள் குரல் இறங்கியது. "எங்கூடப் பேசப் பிடிக்கலன்னுல்லா நெனச்சேன்."

பாதிதான் அவன் காதில் விழுந்திருக்கும். மீதியை அவள் முகத்தில் பார்த்தான்.

"கோட்டிக்காரி" என்றான் பைய. "எதுக்க வந்து மொகத்தப் பாத்துப் பேசுளா. எல்லாம் கேப்பேன்."

அவள் எழுந்து, தடி கட்டின கயிற்றின் ஒரு முனையை அவன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஒற்றை விரலைக் காட்டினாள். "ஒரு சுண்டு சுண்டினா நிறுத்தணும்."

"ரெண்டு தடவ சுண்டினா?"

"அது சும்மா கூப்புடுதது."

ரம்பம் மறுபடி இரைந்தது. பலகை மஞ்சள் மஞ்சளாகத் திறந்துகொண்டே வந்தது. ஒரு கையால் ஆப்பைச் செருகியபடி மறுகையில் அவள் கயிற்றைப் பிடித்திருந்தாள். இருவருக்கும் நடுவே தொய்ந்து கிடந்த கயிற்றின்மேல் பலாத்தூள் பொன்பொன்னாக இறங்கிக்கொண்டிருந்தது.