சின்ன ஸ்பூன்

மேடையில் கேடயத்தைக் கையில் வாங்கியபோது என் கண் சுவர்க் கடிகாரத்தில்தான் இருந்தது.

நான் தையல்காரி. மதியம் கடையைச் சாத்திவிட்டு இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து, பக்கவாதத்தில் படுத்துக் கிடக்கும் டீச்சரம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவேன். சம்பளம் கிடையாது, கேட்டதும் கிடையாது. அந்த அம்மாவுக்கு விழுங்குவதே பெரும்பாடு. கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். தட்டு காலியானதும் கண்ணாலேயே ஒரு சிரிப்பு சிரிப்பார். அதற்காகத்தான் வருகிறேன்.

இல்லத்து ஸ்பூன் ஒவ்வொன்றும் கரண்டி மாதிரி. சின்னதாக ஒன்று வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டிலிருந்து கொண்டுவந்தால், வெளிப் பாத்திரம் கூடாது, சுகாதார விதி என்று வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். மேலாளர் எப்போதும் "பார்க்கலாம்" என்பார். நானும் பெரிய ஸ்பூனின் நுனியில் மட்டும் எடுத்து ஒப்பேற்றி வந்தேன்.

இதற்கிடையில் என்னைப் போலச் சம்பளமில்லாமல் வந்துகொண்டிருந்த தொண்டர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஏன் என்று அவர்களிடம் கேட்க மேலாளருக்கு நேரமில்லை. ஊக்கம் போதவில்லை என்று தானே முடிவுகட்டிப் பாராட்டு விழா வைத்தார். எப்போது? சாப்பாட்டு வேளையில். மூளையை அடகு வைத்தவர்தான் அப்படி நேரம் குறிப்பார்.

தலைமை விருந்தினர் வந்தபாடில்லை. நான் எழுந்தேன்.

"ஆயாம்மா ஊட்டிடுவாங்க, உக்காருங்க. நீங்க இல்லாம ஃபோட்டோ எப்படி?" என்று பல்லிளித்தார் மேலாளர். உட்கார்ந்து தொலைத்தேன்.

விழா முடிந்ததும் ஓடினேன். டீச்சரம்மாவின் மார்பெல்லாம் சாப்பாடு, கண்ணெல்லாம் நீர். ஆயாம்மா பாவம், அத்தனை கட்டிலையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவள். அவசரத்தில் ஸ்பூன் நிறைய ஊட்டியிருக்கிறாள். புரையேறி மூச்சே நின்றுவிடப் பார்த்ததாம்.

துடைத்துவிட்டு, ஸ்பூன் நுனியில் துளி எடுத்து நீட்டினேன். உதடுகள் இறுகிக்கொண்டன. நான்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பார்வை ஸ்பூனைவிட்டு அகலவில்லை.

பின்னாலேயே மேலாளர், ஃபோட்டோக்காரரோடு. கேடயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊட்டுவதுபோல் ஒரு படம் வேண்டுமாம். கூடவே, "உங்கள மாதிரி ஆளுங்களுக்கு நாங்க இன்னும் என்ன செய்யணும்? மனசு விட்டுச் சொல்லுங்க" என்றார்.

"ஒரு சின்ன ஸ்பூன் வாங்கிக் குடுங்க."

"அவ்ளோதானா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று சிரித்தார்.

சீ, என்ன பிறவியோ. கேடயத்தைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளிவிட்டு மறுபடி ஸ்பூனை நீட்டினேன். டீச்சரம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.