நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன்

மனித குலம் இதுவரை உருப்படியாகச் செய்தவை மூன்றே மூன்று: நெருப்பு, சக்கரம், கட்டற்ற மென்பொருள். முதலாவதில் புகை உண்டு, இரண்டாவதில் விபத்து உண்டு, மூன்றாவதில் குறை என்று எதுவும் கிடையாது. கணினித் துறை மூன்றாமாண்டு வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து இதை அறிவித்தவனை எல்லோரும் விடுதலை என்று கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. ஆசிரியர் அதை வாசிக்கும் நேரத்தில் அவன் பெரும்பாலும் கேன்டீனில் இருப்பான்.

"காசு கொடுத்து வாங்குற மென்பொருள் வாடகை வீடு மாதிரிடா. ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேக்கணும். இது சொந்த வீடு. சுவத்தையே இடிச்சு மாத்திக்கலாம்."

"கொத்தனார் யாரு?" என்று கேட்டான் குட்டை. அவன்தான் விடுதலையின் பக்கத்து இருக்கைக்காரன், டீக்குக் காசு கொடுப்பவனும் அவனே.

"நாமதான்."

அவனுக்குப் பிடிக்காத ஒரே கூட்டம், அவன் ஒப்பாரி கோஷ்டி என்று பெயர் வைத்திருந்த கூட்டம். இலவச மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் புகார்ப் பக்கம் ஒன்று உண்டு. யாரோ ஒருவர், இன்னது வேலை செய்யவில்லை என்று எழுதியிருப்பார். அதற்குக் கீழே உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து, 'எனக்கும் இதே பிரச்சினை', 'ஏதாவது தகவல் உண்டா?' என்று வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே போவார்கள். விடுதலை அவற்றை கேன்டீன் மேஜைமேல் ஏறி, மார்பில் அடித்துக்கொண்டு, ராகம் போட்டுப் படிப்பான். "எனக்கும்ம்ம் இதேஏஏ..." நல்ல கைதட்டல் விழும். ஒருமுறை அப்படிப்பட்ட பக்கத்தில் அவனே பதிலும் எழுதியிருந்தான்: 'மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. நீங்களே சரிசெய்து எல்லோருக்கும் கொடுக்கலாமே.' அதன் கீழே ஏழு பேர் முகம் சுளிக்கும் படம் ஒட்டியிருந்தார்கள். அவன் அதைப் பதக்கமாக எடுத்துக்கொண்டான்.

அந்தப் பக்கத்துக்கு அவன் போனது அப்பாவுக்காக. அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் போன் பார்ப்பவர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, டிரைவர் சொல்லும் காரணத்தில் எத்தனை சதவீதம் பொய் என்று பார்த்து, மிச்சத்துக்குத் திட்டுவதுதான் வேலை. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. அப்பா வீட்டுக்கு வந்து காகிதத்தில் முதலில் எழுதியது, 'ஆபீஸ்?' என்பதுதான்.

விடுதலை தேடிப்பிடித்தது ஒரு செயலி. போனில் தட்டினால் அது வாய்விட்டுப் பேசும். விலை இல்லை, விளம்பரம் இல்லை, இணையம்கூட வேண்டாம். அதில் ஏற்கெனவே இருந்த பொத்தான்கள், 'தயவுசெய்து தண்ணீர் தாருங்கள்', 'எனக்குக் களைப்பாக இருக்கிறது' என்ற ரகம். திறந்த மென்பொருள்தானே? அவன் உள்ளே கைவிட்டு அவற்றைத் தூக்கிவிட்டு, 'எங்க நிக்கிறே?', 'நேத்தும் இதே டயர்தான் பஞ்சர்', 'டீ குடிச்சது போதும், எடுடா வண்டியை' என்று வைத்தான். குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கினான், வேகத்தைக் கூட்டினான். அப்பா ஒரு விரலால் நெடுநேரம் தட்டிப் பேசிய முதல் வாக்கியம்: "பகல்ல எதுக்கு லைட்டு? அணை."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். "வாய் போயும் வாயாடுறாரு பாரு" என்றாள். பிறகு உள்ளே போய், கொஞ்ச நேரம் வரவேயில்லை.

அப்பா ஒரு கையில் ஆபீஸ் ரிசீவரையும் மறுகையில் போனையும் சேர்த்துப் பிடித்து, ஒன்றின் வாயை இன்னொன்றின் காதில் வைத்துத் திட்டினார். டிரைவர்கள் அந்தக் குரலுக்கு 'மாமனார்' என்று பெயர் வைத்தார்கள். முதல் வாரம் சிரித்தவர்கள், அடுத்த வாரம் வண்டியை எடுத்தார்கள். முன்னைக்கு இப்போது பயம் அதிகம், ஏனென்றால் மாமனாருக்கு மூச்சு வாங்காது.

இரண்டு வருடம் கழித்து அப்பாவின் சட்டைப்பையிலிருந்து போன் நழுவி லாரியின் பின்சக்கரத்துக்கு அடியில் போனது. புதுப் போன் வாங்கினார்கள். செயலி அதில் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது, மூடிக்கொண்டது. அப்பா போனை மகன் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"அரை மணி நேரம்ப்பா" என்றான் விடுதலை.

புகார்ப் பக்கத்தில் அதே பிரச்சினைதான் இருந்தது. முன்பே இருந்தது. அப்போது அப்பாவின் போன் பழசு, அதனால் ஓடியது. புதுப் போன்காரர்கள் அழுதுகொண்டிருந்தார்கள், அவர்களுக்குத்தான் இவன் பதில் எழுதியிருந்தான். செயலியைச் செய்தவர் ஒரே ஒரு ஆள். அவர் கடைசியாக எழுதியிருந்தது: 'குழந்தை பிறந்திருக்கிறது. நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன்.' அந்தக் குழந்தை இந்நேரம் வாய்ப்பாடு ஒப்பிக்கும்.

பழைய போனே வாங்கிவிடலாம் என்று ரிப்பேர் கடைக்குப் போனான். கடைக்காரர் பெட்டிக்குள் துழாவி ஒன்றை எடுத்தார். "அருமையான செட்டு தம்பி. ஸ்பீக்கர் மட்டும் வேலை செய்யாது."

குட்டையைக் கூட்டிக்கொண்டு மூலநிரலுக்குள் இறங்கினான். திறந்துதான் கிடந்தது, கடல் திறந்து கிடப்பதுபோல. அந்தச் செயலி வேறொருவர் எழுதிய நிரலின்மேல் சாய்ந்திருந்தது. அது மூன்றாவது ஒருவருடையதன்மேல் சாய்ந்திருந்தது. அந்த மூன்றாமவர் தன் பக்கத்தை மொத்தமாகத் துடைத்துவிட்டு எங்கோ போய்விட்டிருந்தார்.

"இதுல எந்தச் சுவருடா வீட்டைத் தாங்குது?" என்றான் குட்டை.

"இடிச்சாத் தெரியும்."

இடித்தார்கள். ஒரு வாரம் கழித்து செயலி மூடிக்கொள்ளாமல் நின்றது. விடுதலை 'எடுடா வண்டியை' பொத்தானை அழுத்தினான். "எ," என்றது குரல். கொஞ்சம் யோசித்தது. "டு." மறுபடி யோசித்தது. "டா." அப்பா குறுக்கிடாமல் கடைசி எழுத்துவரை கேட்டார். பிறகு மகனின் தோளில் தட்டிக்கொடுத்தார். பரீட்சையில் தோற்றபோதுகூட அவர் அப்படிச் செய்ததில்லை. அன்று செருப்பைத்தான் எடுத்தார்.

கடைசியில் காசு கொடுத்து வாங்கும் செயலியையும் போட்டுப் பார்த்தார்கள். தேன் போன்ற பெண்குரல். ஆபீஸில் இணையம் வந்து வந்து போனதால், பாதி வாக்கியத்தில் நின்று நின்று பேசியது. அப்பா 'எருமை' என்று தட்டினால் அந்த இடத்தில் நாகரிகமாக மௌனம் காத்தது.

"அண்ணே, ஆபீஸ்ல புதுசா யாரோ மேடம் சேந்திருக்காங்களா?" என்று ஒரு டிரைவர் கேட்டான். வண்டியை எடுக்கவில்லை.

முதலாளி கெட்டவர் இல்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டு, தானே அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கோடவுன்ல மூட்டை பாக்க ஆள் வேணும்ணே. அங்க போயிடுங்க. சம்பளத்துல கை வைக்கல. அங்க பேச வேண்டிய வேலையே இல்ல பாருங்க." நல்ல செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அப்பா கோடவுனுக்குப் போய்வர ஆரம்பித்தார். வீட்டில் காகிதமும் பேனாவும் மேஜையில் இருந்தன. அவர் தொடவில்லை. அம்மா கேட்பதற்குத் தலையை ஆட்டினார், கேட்காததற்கு அதுவும் இல்லை. "நான் வேணும்னே குழம்புல உப்பை அள்ளிப் போட்டேன்டா. பேசாம சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போறாரு" என்று மகனிடம் வந்து சொன்னாள் அம்மா. "ரெண்டு திட்டு திட்டுற மாதிரியாவது அதைச் சரிபண்ணிக் குடேன்."

கேன்டீனில் குட்டை மேஜையைத் துடைத்து இடம் பண்ணினான். "ஏறுடா விடுதலை, ரொம்ப நாளாச்சு. ஒரு ஒப்பாரி வை." தொண்டை சரியில்லை என்றான் விடுதலை. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பக்கத்தைத் திறந்தான். அவனுடைய பதிலுக்குக் கீழேயும் ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். ஒருவருடைய மனைவி, ஒருவருடைய தம்பி, யாருக்காக என்று சொல்லாத ஒருவர். ராகம் இல்லாமல் படித்தால் எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். கடைசிவரை போனான். அங்கே காலியாக ஒரு பெட்டி இருந்தது. அதில் தட்டினான்:

'எனக்கும் இதே பிரச்சினை. ஏதாவது தகவல் உண்டா?'

அப்பா உட்கார்ந்திருந்த வெளியறையிலிருந்து சுவரில் இரண்டு தட்டு கேட்டது. நிமிர்ந்து பார்த்தான். ஜன்னல் நிறைய வெயில் இருக்க, தலைக்குமேல் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அனுப்பு என்பதை அழுத்திவிட்டு, எழுந்துபோய் அணைத்தான். திரும்பி வந்தபோது அவன் வரி எல்லோருக்கும் கீழே போய் உட்கார்ந்திருந்தது. அதற்கும் கீழே, அடுத்த ஆளுக்காக, காலியாக ஒரு பெட்டி.