தாய்மாமன் உட்காரும் இடம்

முழங்கால் இரண்டும் காலையிலிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தன. விடியுமுன் குந்தியவள் நான். மீன் செதில் சுரண்டி, நண்டு பிரித்து, இஞ்சி சீவி எழுந்தபோது இடுப்பு நிமிர மறுத்தது. விருந்துச் சமையலில் எங்களைப் போன்ற கையாட்களுக்குத் ‘தண்ணிக்கால்’ என்று பெயர். பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. ரப்பர் பூட்சுக்குள் எந்நேரமும் ஈரம். குளிர்காலத்தில் கால்விரல்கள் வெந்த இறால் மாதிரி சிவந்து ஊறிக் கிடக்கும்.

அன்று போ-சூ வீட்டுக் கல்யாணம். மகன் ஹாவ்-ரென்தான் மாப்பிள்ளை. வீட்டு முன்னால் தெருவை மறித்துக் கோடு போட்ட தார்ப்பாய்ப் பந்தல், அதற்குள் வட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு பிளாஸ்டிக் விரிப்பு. யுன்லின் கடற்கரைக் காற்று பந்தலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. விரிப்புகள் பறக்காமலிருக்க ஒவ்வொரு மேசையிலும் சோயா பாட்டிலை வைத்திருந்தோம்.

எங்கள் சமையல் மாஸ்டர் டெங்-ஹாய் அடுப்புகளுக்கு நடுவில் நின்று கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நேரத்துக்குள் வெடி வெடித்தாக வேண்டும். வெடி வெடித்தால்தான் முதல் தட்டு வெளியே போகும். தாய்மாமன் உட்காராமல் வெடி வெடிக்காது. மேலே வானத்துச் சாமி, கீழே தாய்மாமன் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஊர்த்தலைவனே வந்தாலும் அவருக்குக் கீழேதான் உட்கார வேண்டும்.

இந்தக் கல்யாணத்தில் சிக்கலே அந்த மாமன்தான். போ-சூவின் அண்ணன் குன்-செங். பக்கத்து ஊரில் பூண்டும் வேர்க்கடலையும் போடுகிறவர். அப்பா செத்தபோது, நிலத்தில் பங்கு வேண்டாம் என்று பத்திரத்தில் முத்திரை வைத்துக் கொடு என்று தங்கையைக் கேட்டார். எங்கள் பக்கம் பெண்கள் பெரும்பாலும் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். போ-சூ வைக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. மாமனை அழைக்க ஹாவ்-ரென் மூன்று தடவை போனான். முதல் தடவை கதவு திறக்கவில்லை. இரண்டாவது தடவை கதவு திறந்தது, ஆனால் வெளியே வந்தது நாய். மூன்றாவது தடவை மாமன் பூண்டுப் பாத்தியை விட்டு நிமிராமலே, “பாக்கலாம்” என்றார்.

காலையில் குழாயடியில் போ-சூ என்னிடம் சொன்னாள். “அண்ணன் வரலன்னா எனக்குப் பொறந்த வீடு இல்ல, ஸியூ. இன்னிக்கு வரலன்னா நான் செத்தாலும் வரமாட்டான்.” எங்கள் ஊரில் பிறந்த வீட்டு ஆள் வந்து பார்க்காமல் பெண்பிள்ளையின் சவப்பெட்டியை மூடமாட்டார்கள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

மேசைகளில் ஆட்களை உட்கார வைக்கும் வேலையைப் போ-சூ மிட்சுகியிடம் கொடுத்திருந்தாள். மிட்சுகி அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜப்பான் மாணவி. டோலியூ நகரத்தில் கல்லூரி. பாட்டுப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி வந்தால் பையோடு ஓட முதல் வாரமே கற்றுக்கொண்டாள். நாறும் டோஃபுவை மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்னப் பழகி, அப்புறம் மூச்சைப் பிடிக்காமலும் தின்றாள். எல்லாவற்றையும் கேட்பாள். ஏன் வீட்டு முன்னால் காகிதம் எரிக்கிறீர்கள், ஏன் பேயை ‘நல்ல அண்ணன்’ என்கிறீர்கள். தாய்மாமன் எங்கே உட்காருவார் என்று மட்டும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. தண்ணீர் கீழே ஓடும் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

மணப்பெண் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் சடங்குக்காகப் போ-சூ உள்ளே போன நேரத்தில் முதலில் வந்தவர் ஹாவ்-ரென் வேலை செய்யும் தொழிற்சாலையின் மேலாளர் இவாபுச்சி. அவரும் ஜப்பான்காரர். கறுப்புக் கோட்டு, வெள்ளை டை.

“யாருடா செத்தது?” என்றான் பாத்திரம் தூக்கும் லாங்.

“வாயை மூடு. அவங்க ஊர்ல கல்யாணத்துக்கு அப்படித்தான் கட்டுவாங்களாம்,” என்றேன்.

“அப்ப சாவுக்கு?”

“கறுப்பு.”

“ஒரு டைய மாத்துனா வேலை முடிஞ்சுது.”

நான் சிரித்துக்கொண்டே கொதிகலன் பக்கம் திரும்பிவிட்டேன். மிட்சுகி அவரை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்தாள் என்று பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெருக்கோடியில் டுக் டுக் என்று இரும்பு மாட்டின் சத்தம். விவசாயிகள் ஓட்டும் மூன்று சக்கர டீசல் வண்டி அது. குன்-செங் இறங்கினார். புதுச் சட்டையில் மடிப்புக் கோடு இன்னும் போகவில்லை. செருப்பில் வயல் மண். மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, “மீனை ஏத்துங்க,” என்றார். மீன் ஆவியில் ஏறிவிட்டால் அப்புறம் யாருக்காகவும் காத்திருக்காது.

மிட்சுகி மாமனைக் கண்டு ஓடிப்போய்க் குனிந்தாள். அவர் தான் யார் என்று சொன்னதும் இன்னும் ஆழமாகக் குனிந்தாள். மேசைகளுக்கு நடுவில் அவரை அழைத்து வந்தாள். வந்தாள், வந்தாள், கடைசி மேசை வரைக்கும் வந்தாள். எங்கள் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் இருந்த மேசை அது. தன் கைக்குட்டையால் முக்காலியைத் துடைத்தாள்.

“இங்கயா?” என்றார் குன்-செங்.

“ஆமாங்க மாமா. உங்களுக்கு இங்கதான்.”

“யார் சொன்னது?”

“போ-சூ அம்மாதான் எல்லாரையும் உட்கார வைக்கச் சொன்னாங்க.”

அவர் முன் மேசையைப் பார்த்தார். கூடத்துக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்தபடி இருக்கும் பெரிய இடத்தில் வெள்ளை டை உட்கார்ந்திருந்தது. குன்-செங் சிரித்தார். சிரிப்பு என்றால் பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

“சரி. சொல்லிடு, பாத்துட்டேன்னு.” வந்த வழியே திரும்பி நடந்தார்.

நான் கரண்டியைப் போட்டுவிட்டு மிட்சுகியின் கையைப் பிடித்தேன். “அவரை எதுக்கு இங்க கொண்டாந்த?”

“குடும்பத்து ஆள்னா கடைசியில...”

“அவரு தாய்மாமன். அந்தப் பெரிய இடம் அவரோடது. அவரு உட்காரலன்னா சோறு இல்ல, கல்யாணம் இல்ல. அவரு தங்கச்சியே தன்னைத் தொட்டிகிட்ட போட்டுட்டான்னு நெனச்சிட்டுப் போறாரு.”

அவள் முகம் அரிசிமாவு மாதிரி ஆனது. ஓடினாள். நானும் பூட்சோடு பின்னால் ஓடினேன்.

“ஸியூ, எங்க போற? மீன் வெந்துட்டிருக்கு,” என்று மாஸ்டர் கத்தினார்.

“மீனைப் பாத்துக்க ஆள் இருக்கு.”

குன்-செங் கைப்பிடியைச் சுற்றி வண்டியைக் கிளப்பியிருந்தார். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் சுவர். வண்டி போக அளவான சந்து. மிட்சுகி போய் முன்சக்கரத்துக்கு நேரே நின்று இடுப்பு மடங்கக் குனிந்தாள்.

“தள்ளு.”

“தப்பு என்னுதுங்க. போ-சூ அம்மாவுக்குத் தெரியாது.”

“அவளோட வீடு. அவளுக்குத் தெரியாம மேசை நடக்குமா?” என்னைப் பார்த்தார். “ஏ தண்ணிக்கால், இந்தப் பொண்ணை வாய்க்கால் பக்கம் தள்ளு. எண்ணெய் எரியுது.”

“அவ தெரியாமதான் செஞ்சா, அண்ணே. ஜப்பான் பொண்ணு.”

“ஜப்பான்ல மாமன் கிடையாதா?”

மிட்சுகி நிமிர்ந்தாள். “இருக்காங்க. எங்க ஊர்ல கல்யாணத்துல சொந்தக்காரங்க கடைசி மேசையில உட்காருவாங்க. முன்னால மேலதிகாரி, வாத்தியாரு. எங்க அக்கா கல்யாணத்துல எங்க அம்மா வாசல் ஓரம்தான் உட்கார்ந்தாங்க. ரொம்ப நெருங்குனவங்க ரொம்ப பின்னால. அதுதான் மரியாதை.”

“பெத்தவளை வாசல்ல உட்கார வெக்கிறது மரியாதையா?”

“ஆமாங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் அப்போதுதான் கேட்கிறேன்.

“நல்ல ஊரு,” என்றார். வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. “அப்ப ஒண்ணு செய். அந்த ஆளை எழுப்பு. இங்கருந்து எனக்கு நல்லாத் தெரியுது. என் தங்கச்சி எழுப்பக்கூடாது, மாப்பிள்ளை எழுப்பக்கூடாது. வெச்சவ நீ.”

அவள் உதடு அசைந்தது. “அவரு ஹாவ்-ரென் அண்ணனோட மேலதிகாரி. எங்க ஊர்ல உட்கார வெச்சவரை எழுப்பறதுன்னா... அதைவிட அறைஞ்சிடலாம்.”

“இது யார் ஊரு?”

அவள் திரும்பி நடந்தாள். அவள் முதுகைப் பார்த்தபடி பின்னால் போனேன். என் வேலையில் கொதிக்கும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நடை.

இவாபுச்சி இரண்டு கையையும் தொடைமேல் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். அவள் அவர் பக்கத்தில், தண்ணீர் தெளித்த தெருவிலேயே முழங்காலை ஊன்றினாள். தாழ்ந்த குரலில் ஜப்பான் மொழியில் பேசினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. முகத்திலிருந்த புன்னகை அப்படியே இருந்தது, கண் மட்டும் அதிலிருந்து விலகிவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி பேசினாள்.

பக்கத்து மேசை அடங்கியது. அதற்கடுத்த மேசை அடங்கியது. கடலை உரிக்கும் சத்தம்கூட நின்றது. தெருக்கோடியில் இரும்பு மாடு மட்டும் டுக் டுக் என்றது.

“காதல் சொல்றாளா?” என்றது ஒரு கிழம். யாரும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போ-சூ கூடத்து வாசலில் வந்து நின்றாள். சிவப்புக் கவுன், நெஞ்சில் பூ. தெருவில் முழங்காலிட்ட வாடகைப்பெண், பெரிய இடத்தில் மகனின் மேலாளர், தூரத்தில் வண்டிமேல் அண்ணன். மூன்றையும் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பக்கம் மகன் வேலை, ஒரு பக்கம் பிறந்த வீடு. ஒரு அடி எடுத்து வைத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் வந்து எழுப்பினால் அண்ணன் போய்விடுவார்.

சமையல் பக்கத்திலிருந்து மாஸ்டர் குரல் வந்தது. “மீன் முடிஞ்சுது.”

இவாபுச்சி ஏதோ கேட்டார். மிட்சுகி விரித்த உள்ளங்கையால் வண்டியைக் காட்டிப் பதில் சொன்னாள். அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். வண்டியைப் பார்த்து அங்கிருந்தே ஒரு முறை குனிந்தார். தன் கிண்ணத்தையும் குச்சியையும் தானே எடுத்துக்கொண்டு மேசை மேசையாகக் கடந்து, கடைசி மேசையில் எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

என்ன பேசினீர்கள் என்று மிட்சுகியைப் பிற்பாடு கேட்டேன். “நான் எந்திரிச்சா வீட்டுக்காரங்களுக்கு அவமானம்னாரு. உட்கார்ந்திருந்தாதான் அவமானம்னேன். அந்த ஆள் யாருன்னு கேட்டாரு. அம்மாவோட அண்ணன், இங்க அவருக்கு மேல யாருமில்லைன்னேன்.”

இடம் காலியானது. வண்டிச் சத்தம் நிற்கவில்லை.

போ-சூ வெளியே வந்தாள். உயர்ந்த குதிகால் செருப்பு மண்ணில் புதைய, பந்தலைத் தாண்டி வண்டிக்கு அருகில் போய் நின்றாள். அண்ணனும் தங்கையும் ஏழு வருஷத்துக்கு அப்புறம் அவ்வளவு பக்கத்தில்.

“எறங்கு,” என்றாள்.

“நீ சொல்லலையா, கடைசி மேசைன்னு?”

“சொல்லுவேனா?”

“முத்திரை தராதவ. என்னத்த வேணா சொல்லுவ.”

“இன்னிக்கு அதைப் பேசாதே. மீன் ஆறுது.”

அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று புதுச் சட்டையைப் பிடித்து இழுத்தது. கடைசியில் கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதி எனக்கு வெடிச் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

அவர் உட்கார்ந்தார். லாங் வெடிச்சரத்தைக் கொளுத்தினான். மாஸ்டர் விரலைச் சொடுக்கினார். முதல் தட்டுகள் போயின. குளிர்ந்த இறால், வாத்து, மெல்லியதாகச் சீவிய மீன்சினை. மீன் கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது. மாஸ்டர் அதை என் பெயரில்தான் எழுதுவார். எழுதட்டும்.

அண்ணனும் தங்கையும் சாப்பாடு முழுக்க ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மீன் வந்தபோது போ-சூ அதன் கன்னத்துச் சதையைப் பிய்த்து அவர் கிண்ணத்தில் வைத்தாள். அவர் அதைத் தின்றார்.

மதியம் சாய்ந்த பிறகு கிண்ணங்கள் மலையாகக் குவிந்தன. மிட்சுகி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் குந்திக் கழுவினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அவள் முழங்காலில் தெருத்தண்ணீர் காய்ந்து வட்டமாக நின்றது. யாரோ வந்து நிழல் விழுந்தது. குன்-செங். சாராயத்தில் முகம் சிவந்திருந்தது.

“அந்த வெள்ளை டை போயிட்டாரா?”

“போயிட்டாருங்க மாமா.”

“நாலு கிண்ணம் சோறு தின்னாரு. பாத்தேன்.” ஒரு ஏப்பம் விட்டார். “நீ நல்லாக் குனியுற. இடுப்பு நல்லா மடங்குது.”

அவள் எழுந்து மறுபடி குனியப் போனாள்.

“இங்க வேணாம். எனக்கு முன்னால குனிஞ்சு என்ன வரப்போவுது? ரெண்டாம் மாசம் பூண்டு புடுங்கணும், ஆள் கிடைக்கல. ஒரு நாள் வந்து வயல்ல குனி. அப்ப மன்னிச்சேன்னு வெச்சுக்கலாம்.”

“வர்றேங்க மாமா.”

“வாயால சொல்லாதே.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். போ-சூ வாசலில் நின்று பார்த்தாள், கையசைக்கவில்லை.

பூண்டு அறுவடை வந்தது. நானும் கூலிக்குப் போனேன். போ-சூ ஒரு நாள் தானாக வந்து தொப்பியும் முகத்துணியும் கட்டிக்கொண்டு அண்ணன் வயலில் இறங்கினாள். முத்திரையைப் பற்றி இருவரும் பேசவில்லை. மிட்சுகி அதற்குள் படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் வருவதாகப் போ-சூவிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஜப்பான் பொண்ணு எங்கே என்று பாத்தியில் நின்றபடி குன்-செங் என்னைக் கேட்டார். ஊருக்குப் போய்விட்டது என்றேன். “சரி,” என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

மிட்சுகி குன்-செங்குக்கு ஒரு நாள் பூண்டு பிடுங்கித் தர வேண்டும். இன்னும் தரவில்லை.